ஆட்டுக்கல்லிலிருந்து மிக்சிக்கு: சமையலறைக் கருவிகளும் தமிழ் வினைச்சொற்களும்

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தமிழர் இல்லங்களில் நேர்ந்த பெரும் மாற்றங்களுள் ஒன்று சமையலறையில் நேர்ந்தது. அம்மி, ஆட்டுக்கல், உரல், திரிகை ஆகியவற்றின் இடத்தை மின்விசையால் இயங்கும் கருவிகள் பிடித்தன. விறகடுப்பின் இடத்தை மண்ணெண்ணெய் அடுப்பும் பின்னர் எரிவாயு அடுப்பும் பிடித்தன. நேரத்தையும் உடலுழைப்பையும் மிச்சப்படுத்திய இக்கருவிகளைப் பற்றி மொழி நோக்கில் எழும் பேச்சு பெரும்பாலும் பெயர்களோடு நின்றுவிடுகிறது. மிக்சி, கிரைண்டர், குக்கர் என்னும் பிறமொழிப் பெயர்கள் நிலைத்துவிட்டமை குறித்து வருத்தமும், அவற்றுக்கு ஈடான ஆக்கச்சொற்கள் குறித்து விவாதமும் உண்டு. பெயர்ச்சொல்லைக் காட்டிலும் வினைச்சொல்லில்தான் இம்மாற்றத்தின் ஆழமான தடம் பதிந்துள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அகராதித் தொகுப்பாளர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இதனால் விளையும் கடமை ஒன்றையும் இறுதியில் சுட்டுகிறது.

1. கல்லும் வினையும்

மின்கருவிகள் வருவதற்கு முன்பு, ஒரு பொருளைச் சிறிதாக்கும் செயலுக்குத் தமிழில் பொதுச்சொல் ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. கருவிக்குக் கருவி தனி வினை இருந்தது. உரலில் இட்டு உலக்கையால் மேலிருந்து தாக்குவது இடித்தல். அதே உரலில் நெல்லின் உமியை நீக்குவது குத்துதல்; அதன்மேல் தவிட்டைப் போக்குவது தீட்டுதல். தட்டையான அம்மியின்மேல் குழவியை முன்னும் பின்னும் உருட்டி இழுப்பது அரைத்தல். குழிந்த ஆட்டுக்கல்லில் நிமிர்ந்த குழவியைக் கையால் சுழற்றி, ஊறிய அரிசியையும் உளுந்தையும் மாவாக்குவது ஆட்டுதல். இரு வட்டக் கற்களுக்கிடையே உலர்ந்த தானியத்தை இட்டு மேற்கல்லைச் சுழற்றுவது திரித்தல். அதே கல்லில் பயற்றை இரண்டாகப் பிளப்பது உடைத்தல். இவை தவிர, இஞ்சியையும் பூண்டையும் தட்டுதல் அல்லது நசுக்குதல், ஏலத்தை நுணுக்குதல், கீரையையும் பருப்பையும் மத்தால் கடைதல் என வரும் வினைகளும் உள.

இவ்வினைகள் மூன்று செய்திகளை ஒருங்கே தருகின்றன. ஒன்று, கை இயங்கும் முறை: மேலிருந்து கீழா, முன்னும் பின்னுமா, வட்டமா என்பது. இரண்டு, பொருளின் நிலை: உலர்ந்ததா, ஈரமானதா என்பது. மூன்று, விளைவு: உடைந்த துண்டா, பொடியா, விழுதா, கரைந்த மாவா என்பது. 'ஆட்டினாள்' என்ற ஒரு சொல்லைக் கேட்ட அளவில் கேட்பவர்க்கு இம்மூன்றும் விளங்கின.

திரிகைக்குச் சில வட்டாரங்களில் எந்திரம் அல்லது ஏந்திரம் என்ற பெயரே வழங்கியது இங்கு நோக்கத்தக்கது. சங்க இலக்கியத்தில் கரும்பு பிழியும் பொறியைக் குறித்த அச்சொல், பிற்காலத்தில் வீட்டுத் திண்ணையில் கிடந்த கைக்கல்லையும் குறித்தது. உழைப்பைக் குறைக்கும் பொறி என்னும் கருத்து தமிழர் சமையலறைக்கு மின்சாரத்தோடு வந்ததன்று என்பதற்கு இப்பெயரே சான்று.

2. கருவிகள் வந்த வரிசை

முதலில் மாறியது அடுப்பு. சுவீடனில் 1892 முதல் தயாரிக்கப்பட்ட பிரைமஸ் வகை அடுப்பு, காற்றழுத்தத்தால் மண்ணெண்ணெயை ஆவியாக்கி எரிப்பது. இந்திய நகரங்களில் இது 'பம்ப் ஸ்டவ்' எனப் பெயர் பெற்றது. விறகைத் தேடுவதும் ஊதுவதும் புகையில் இருமுவதும் அதனால் குறைந்தன. 1965-இல் இந்தியன் ஆயில் நிறுவனம் 'இண்டேன்' என்னும் பெயரில் சமையல் எரிவாயுவை விற்கத் தொடங்கிய பின்னர் எரிவாயு அடுப்பு படிப்படியாகப் பரவியது.

அடுத்து வந்தது அழுத்தத்தில் சமைக்கும் கலம். 1679-இல் பிரெஞ்சு அறிவியலாளர் தெனி பப்பேன் இலண்டனில் செய்து காட்டிய நீராவிக் கலமே இதன் மூலம். மூடிய கலத்தினுள் அழுத்தம் உயரும்போது நீரின் கொதிநிலையும் 100 பாகையிலிருந்து ஏறத்தாழ 120 பாகை செல்சியசுக்கு உயர்கிறது. ஆதலின் பருப்பும் அரிசியும் விரைந்து வேகின்றன. இந்தியாவில் 1959-இல் ஹாக்கின்ஸ், பிரஸ்டீஜ் என்னும் இரு பெயர்களிலும் குக்கர் தயாரிப்பு தொடங்கியது. இதற்கு நெடுநாள் முன்பே, 1910-ஆம் ஆண்டளவில், கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்பார் நீராவியால் பல பண்டங்களை ஒருங்கே சமைக்கும் 'இக்மிக் குக்கர்' என்னும் அடுக்குக் கலத்தை உருவாக்கியிருந்தார். 'குக்கர்' என்னும் சொல் இந்திய வீட்டுப் பேச்சில் கால் பதித்த வரலாறு அவ்வளவு பழையது.

மாவரைக்கும் பொறியின் வரலாறு கோயம்புத்தூருக்கு உரியது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. மின்மோட்டார், நீரேற்றும் பம்பு ஆகியவற்றின் தயாரிப்பு அந்நகரில் வளர்ந்தது. கல்லுக்கு ஊத்துக்குளிப் பகுதி அருகில் இருந்தது. மோட்டாரும் கல்லும் கூடிய அவ்விடத்தில் 1955-இல் பி. சபாபதி என்பார் முதல் ஈரமாவுப் பொறியை உருவாக்கினார். புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயர் 2005-06-இல் பதிவு பெற்றது.

மிக்சியின் வரலாறு சற்றே வேறானது. மேனாடுகளில் பழச்சாறு கலக்கவும் மாவு குழைக்கவும் அமைந்த கருவிகள் இந்தியச் சமையலின் காய்ந்த மிளகாயையும் மஞ்சளையும் ஊறிய அரிசியையும் நெடுநேரம் தாங்கும் ஆற்றலுடையன அல்ல. இக்குறையைக் கண்ட பொறியாளர் சத்யபிரகாஷ் மாத்தூர் 1960-களில் வலுவான மோட்டாருடன் 'சுமீத்' என்னும் கருவியை வடிவமைத்தார். அதன் வழியே 'மிக்சி' இந்தியா முழுவதற்கும் உரிய வீட்டுப் பொருளாயிற்று.

தமிழ்நாட்டில் இக்கருவிகளின் பரவலில் அரசுக்கும் பங்குண்டு. 2006-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் இலவச எரிவாயு அடுப்பு வழங்கும் திட்டமும், 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டமும் தொடங்கப்பட்டன. வசதி படைத்தோர் வீட்டில் அரை நூற்றாண்டில் நிகழ்ந்த மாற்றம், ஏழை வீடுகளில் சில ஆண்டுகளுக்குள் நிகழ்ந்து முடிந்தது.

3. பெயர்கள்: ஏற்றவையும் ஏலாதவையும்

மேற்கூறிய அரசுத் திட்டத்தின் பெயரே மொழியியலார்க்கு ஒரு நல்ல சான்று. ஒரே தொடரில் மின்விசிறி தமிழாகவும் மிக்சி, கிரைண்டர் இரண்டும் கடன்சொல்லாகவும் நிற்கின்றன. எரிவாயு அடுப்பும் தமிழே. மின்னரைப்பான், அரைவைப்பொறி, மின்னம்மி, அழுத்தச் சமையற்கலன் போன்ற ஆக்கங்கள் ஏன் இவ்வாறு ஊன்றவில்லை?

விசிறி, அடுப்பு ஆகியவற்றின் பயன் மாறவில்லை. இயக்கும் விசை மட்டுமே மாறியது. ஆதலின் பழம்பெயரின் முன் 'மின்', 'எரிவாயு' என்னும் அடையைச் சேர்த்த அளவில் பெயர் நிறைவுற்றது. நுண்ணலை அடுப்பு, தூண்டல் அடுப்பு என்பனவும் அவ்வழியே ஆக்கப்பட்டன. சமைத்தலைக் குறித்த 'அடு' என்னும் வினை வழக்கொழிந்து நெடுங்காலம் ஆகியும், அதனடியாகப் பிறந்த அடுப்பு என்னும் பெயர் ஒவ்வொரு புதிய வெப்பமுறைக்கும் இடம் தந்து வாழ்கிறது.

மிக்சியின் நிலை அத்தகையதன்று. அது அம்மியின் வேலையைச் செய்கிறது. உரலின் வேலையில் ஒரு பகுதியையும் திரிகையின் வேலையில் ஒரு பகுதியையும் செய்கிறது. மத்தின் வேலையையும் செய்கிறது. 'மின்னம்மி' என்றால் அதன் பயனில் ஒரு கூறு மட்டுமே அடங்கும். பல கருவிகளை விழுங்கிய ஒன்றுக்கு அவற்றுள் எதன் பெயரும் பொருந்தவில்லை. புதிய பெயர் ஒன்று தேவைப்பட்டபோது வணிகம் கொண்டுவந்த பெயர் அங்கு அமர்ந்தது. கிரைண்டர் ஆட்டுக்கல் ஒன்றையே அகற்றியது. ஆதலின் 'மின்னாட்டுக்கல்' என்பது பொருந்தியிருக்கும். எனினும் தொழிற்பட்டறையில் பிறந்த அப்பொறி பட்டறை வழக்கின் பெயரோடே வீட்டுக்குள் நுழைந்தது.

இங்குக் கடன்சொல் என்னும் வகைப்பாடே ஓர் ஆய்வுக்குரிய வினாவை எழுப்புகிறது. ஈரமாவுப் பொறி தமிழ்நாட்டில் பிறந்தது. ஆங்கிலேயர் வீட்டுக்கு அது அறிமுகமற்ற பொருள். 'மிக்சி' என்ற வடிவமும் இந்திய ஆங்கிலத்தில் உருவானதே. கொடுத்த மொழியில் பொருளும் இல்லை, சொல்லுக்கு அப்பொருளும் இல்லை என்ற நிலையில், இவற்றை ஆங்கிலக் கூறுகளைக் கொண்டு இந்நாட்டில் ஆக்கப்பட்ட சொற்கள் என்பதே பொருத்தம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவர் இச்சொற்களை 'மூலமொழிக்கே திருப்பித் தருவதாக' எண்ணி விளக்கமின்றி விட்டுவிடுதல் ஆகாது.

சொல்லின் பிறப்பும் பொருளும் பிரிந்து செல்வது புதிதன்று. எள்ளின் நெய்யைக் குறித்த எண்ணெய் எல்லா நெய்ப்பொருளுக்கும் பொதுவாகி, மண்ணுக்கடியிலிருந்து வந்ததை மண்ணெண்ணெய் எனக் குறிக்கவும் இடம் தந்தது. அச்சொல்லில் இன்றும் எள் இருக்கிறது. எவரும் அதை உணர்வதில்லை.

4. வினைகள்: நிலைத்தலும் மயங்குதலும்

பெயர் கடனாக வந்தபோதும் வினை கடனாக வரவில்லை. 'கிரைண்டரில் மாவு ஆட்டு', 'மிக்சியில் தேங்காய் அரை', 'குக்கரில் பருப்பு வேகவை' என்றே தமிழர் பேசுகின்றனர். கருவிப் பெயர்கள் தமிழ் வேற்றுமை உருபுகளை இயல்பாக ஏற்றன. வினையிடம் தமிழுக்கே உரியதாக நின்றது.

இவற்றுள் ஆட்டுதலின் வரலாறு சுவையானது. ஆட்டுக்கல்லில் கல் அசையாது நிற்க, குழவியை ஆட்டினர். 'ஆடு' என்னும் தன்வினையின் பிறவினையாகிய 'ஆட்டு' அச்செயலுக்குச் சாலப் பொருந்தியது. கிரைண்டரிலோ கல்தொட்டி சுழல்கிறது. குழவி ஓரிடத்தில் நிறுத்தப்பட்டுத் தன்னிடத்திலேயே உருள்கிறது. இயக்கம் தலைகீழாகியும் வினை மாறவில்லை. அசைவைக் குறித்த சொல், அவ்வசைவினால் விளைந்த மாவைக் குறிக்கும் சொல்லாகப் பொருள் பெயர்ந்துவிட்டது. செக்கு எண்ணெய்க்கும் அவ்வினையே வழங்குதல் இப்பெயர்ச்சிக்குத் துணை நின்றது எனக் கருதலாம்.

மிக்சியில் நேர்ந்தது வேறு. அதன் அலகு எதையும் இடிப்பதில்லை, உருட்டுவதில்லை, திரிப்பதுமில்லை, அதிவேகத்தில் வெட்டுகிறது. பழைய வினைகள் யாவும் குறித்த வெவ்வேறு அசைவுகள் ஒரே சுழற்சியில் அடங்கிவிட்டன. அவ்வினைகளுள் அரைத்தல் மட்டுமே முன்வந்து ஏனையவற்றின் இடத்தையும் கொள்ளத் தொடங்கியது. மிளகை இடித்தவர் இன்று மிக்சியில் அரைக்கிறார். அரிசியைத் திரித்தவரும் அரைக்கிறார். கீரையைக் கடைந்தவரும் அரைக்கிறார். புதியனவாக அடித்தல், ஓட்டுதல், சுற்றுதல் ஆகிய வினைகள் சேர்ந்தன: பழச்சாறு அடித்தல், பொடியை ஒரு சுற்றுச் சுற்றுதல். இவை பொருளின் நிலையையோ விளைவையோ தெரிவிப்பதைவிடப் பொறியின் ஓட்டத்தையே தெரிவிக்கின்றன.

வினை இழந்த செய்தியை மொழி வேறிடத்தில் ஈடுசெய்கிறது. சமையற்குறிப்புகளில் 'ஒன்றிரண்டாக அரைக்கவும்', 'கொரகொரப்பாக அரைக்கவும்', 'நைசாக அரைக்கவும்', 'தண்ணீர் விடாமல் அரைக்கவும்', 'விட்டுவிட்டு ஓட்டவும்' என வரும் அடைகளைக் காண்க. 'இடிக்கவும்' என்ற ஒரு வினை முன்பு தந்ததை இன்று வினையடையும் வினையும் சேர்ந்து தருகின்றன. இத்தகைய அடைகள் முன்பும் இருந்தன. எனினும் அவற்றின் மேல் ஏற்றப்பட்டுள்ள சுமை புதியது.

மறைந்த வினைகள் பண்டங்களின் பெயரில் தங்கியிருத்தலும் உண்டு. கீரைக் கடைசல் மத்தைக் காணாமலே ஆக்கப்படுகிறது. துவையல் என்னும் பெயரில் உள்ள 'துவை' நசுக்குதலைக் குறித்த வினை. இன்று அது பெரும்பாலும் துணியோடு மட்டுமே வழங்குகிறது. பழமொழியிலும் சடங்கிலும் கருவிகளே தங்கியுள்ளன. அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பவர் வீட்டில் அம்மி இல்லாதிருக்கலாம். திருமணத்தில் மிதிப்பதற்கென்றே அதைத் தேடிக் கொணர வேண்டியிருக்கலாம். அரைத்த மாவையே அரைத்தல் என்னும் மரபுத்தொடரோ புதிய கருவியோடும் பொருந்தி வாழ்கிறது.

கடன்பெயர் ஒன்று தமிழ்த் தொடரமைப்பில் முற்றும் கலந்தமைக்குக் குக்கரின் 'விசில்' சிறந்த எடுத்துக்காட்டு. 'மூன்று விசில் வந்ததும் இறக்கவும்' என்பது இன்று சமையற்குறிப்பின் கால அளவை. நிமிடத்தால் அளக்கும் ஆங்கில நூல்களில் இவ்வழக்கு இல்லை. இது தமிழுக்குப் புதிதுமன்று. 'ஒரு கொதி வந்ததும் இறக்கவும்', 'இரண்டு கொதி விட்டு இறக்கவும்' என்பன முன்பே உள்ளவை. காலத்தைக் கடிகாரத்தால் அளவாது அடுப்பின்மேல் நிகழும் நிகழ்ச்சியால் அளக்கும் முறை அது. கொதி நின்ற இடத்தில் விசில் வந்து நின்றது. 'வரு', 'விடு' என்னும் வினைகள்கூட மாறவில்லை. குக்கர் புதிது, விசில் கடன், அளக்கும் முறை தமிழ்.

5. மொழிபெயர்ப்பில் எழும் இடர்கள்

தமிழில் மாவு என்னும் சொல் உலர்ந்த பொடிக்கும் ஈரமாக ஆட்டிய குழம்புநிலைப் பொருளுக்கும் பொது. 'மாவு திரித்தாள்' என்றால் உலர்ந்தது. 'மாவு ஆட்டினாள்' என்றால் ஈரமானது. 'மாவு இடித்தாள்' என்றால் பெரும்பாலும் ஊறவைத்து உலர்த்திய அரிசியைப் பலகாரத்துக்கு ஆக்கியது. பெயரில் இல்லாத வேறுபாட்டை வினை காத்து வந்தது. 'மாவு அரைத்தாள்' என்ற தொடரிலோ அவ்வேறுபாடு புலப்படுவதில்லை. வடமாவட்டங்களிலும் சென்னையிலும் மாவு அரைத்தல் என்பதும், கொங்கு நாட்டிலும் தென்மாவட்டங்களிலும் மாவு ஆட்டுதல் என்பதும் பெரும்பாலும் வழங்குதலால், எழுத்தாளரின் வட்டாரத்தையும் கதை நிகழும் காலத்தையும் அறியாது மொழிபெயர்ப்பவர் இட்லி மாவைக் கோதுமை மாவாக்கிவிட இடமுண்டு.

அண்டை மொழிகளோடு ஒப்பிடின் இது தெளிவாகும். தெலுங்கில் ஈரமாவுக்கு ருப்பு, விழுதுக்கு நூரு, திரிகைக்கு விசுரு, இடித்தலுக்குத் தஞ்சு என வினைகள் உள. கன்னடத்தில் ருப்பு, அரெ, பீசு, குட்டு என்பன அவ்வாறே பகுக்கின்றன. (ருப்பு என்பதன் பகரத்தை ஒலிப்புடன் கொள்க.) மலையாளம் தமிழைப்போல ஆட்டுதலையும் அரைத்தலையும் வேறாகக் கொள்கிறது. இந்தியிலோ ஈரமாயினும் உலர்ந்ததாயினும் பீஸ்னா என்னும் ஒரு வினை போதும், இடித்தலுக்குக் கூட்னா. எனவே இந்தி அல்லது ஆங்கிலம் வழியாகத் தமிழ்க் கதை தெலுங்குக்கோ கன்னடத்துக்கோ செல்லும்போது, இரு முனைகளிலும் உள்ள நுட்பம் இடைமொழியில் கரைந்துபோகிறது. நேரடி மொழிபெயர்ப்பின் தேவையை வலியுறுத்த இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை.

எதிர்த் திசையிலும் இடருண்டு. விளம்பரங்களிலும் கருவிகளின் கையேடுகளிலும் 'நேரத்தையும் ஆற்றலையும் சேமிக்கும்' என்னும் தொடர் எல்லாக் கருவிக்கும் ஒன்றுபோல் ஒட்டப்படுகிறது. குக்கர் எரிபொருளை உண்மையாகவே மிச்சப்படுத்துகிறது. மிக்சியோ மின்னாற்றலைச் செலவிடுகிறது. அது மிச்சப்படுத்துவது அரைப்பவரின் உடலுழைப்பை. 2006-இல் ஆற்றல் திறன் பணியகத்தின் நட்சத்திரக் குறியீடு தொடங்கப்பட்ட பின்னர், 'ஆற்றல் சேமிப்பு' என்பது மின்நுகர்வைக் குறிக்கும் வரையறுத்த சொல்லாகிவிட்டது. ஆகவே முதற்கருவிக்கு 'எரிபொருள்', இரண்டாவதற்கு 'உழைப்பு', குறியீடு பெற்ற குளிர்பதனப் பெட்டிக்கு 'மின்னாற்றல்' எனப் பிரித்து எழுதுதலே தெளிவு. யாருடைய ஆற்றல், எவ்வகை ஆற்றல் என்று வினவாத மொழிபெயர்ப்பு, ஒரு பெண்ணின் தோள்வலியையும் மின்கட்டணத்தையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது.

முடிவுரை

கற்கள் போனமைக்கு வருந்த வேண்டியதில்லை. ஒரு கையால் குழவியைச் சுழற்றி மறுகையால் மாவைத் தள்ளிவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்திருந்த உழைப்பு, நாள்தோறும் பெண்களின் மேல் சுமத்தப்பட்டிருந்தது. அச்சுமை குறைந்தது நன்று. மேனாட்டு இல்லங்களை ஆராய்ந்த ரூத் சுவார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளியிட்ட நூலில், கருவிகள் பெருகியும் பெண்களின் வீட்டுவேலை நேரம் எதிர்பார்த்தவாறு குறையவில்லை எனக் காட்டினார். ஆதலின் மிச்சமான நேரம் எங்கே சென்றது என்பது தனியாக ஆராயத்தக்கது.

மொழியியலார் கவலைகொள்ள வேண்டுவது அவ்வுழைப்பின் நுட்பத்தைப் பதிந்துவைத்த வினைகள் பற்றியே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை வெளிவந்தது. அதன் பிற்சேர்க்கை 1939-இல் முடிந்தது. மின்கருவிகள் அப்போது தமிழர் வீடுகளுக்கு வந்திருக்கவில்லை. கல்லையும் பொறியையும் தம் வாழ்நாளிலேயே கையாண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சொல் பெயர்ந்ததைத் தாமே நிகழ்த்தியவர்கள் அதன்பின் வந்த தலைமுறையினர். அவர்களுள் பெரும்பாலோர் இன்று முதியோர். அம்மி தேய்ந்தபோது அதைக் கொத்திக் கொடுத்த தொழிலாளர்களும் அரியராகிவிட்டனர். நகரங்களில் மாவு பாக்கெட்டில் விற்கப்படுவதால், 'ஆட்டு' என்னும் வினையே வீட்டை விட்டுக் கடைக்குச் சென்று, 'மாவு வாங்கு' என்பது அதனிடத்தில் அமர்ந்துவிட்டது.

எனவே வட்டார வழக்குத் தொகுப்பில் ஈடுபடுவோர் கருவிப் பெயர்களின் பட்டியலோடு நின்றுவிடலாகாது. எந்தப் பொருளை, எந்த நிலையில், எந்தக் கல்லில், எந்த அசைவால் என்று வினவி, ஒவ்வொரு வினையையும் அதன் செயப்படுபொருளோடும் விளைவோடும் சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும். கேட்க வேண்டிய இடம் சமையலறை. கேட்கப்பட வேண்டியவர் அங்கு உழைத்த பெண்கள். கருவியை அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்கலாம். வினையை வழங்குவோர் வாயிலிருந்தே பெற வேண்டும்.